இலையுதிர் பருவமும் தொண்டர் நலவாழ்வும்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், டிண்டிங் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் லூமுட் நகரம் அமைந்துள்ளது. பங்கோர் தீவுக்குச் செல்லும் படகுத்துறையும் அரச மலேசியக் கடற்படைத் தளமும் இந்நகருக்குப் பெயர் சேர்த்தவை. லூமுட்டிலிருந்து சித்தியவான், ஆயர் தாவார் நோக்கி உள்நாட்டுப் பக்கம் சென்றால் வேறொரு வரலாறு தொடங்குகிறது. அது ரப்பரின் வரலாறு. 1877ஆம் ஆண்டில் பேராக்கின் குவாலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள், பின்னாளில் இம்மாநிலத்தின் பொருளாதாரத்தையே மாற்றியமைத்தன. தமிழர் பலரின் குடும்ப வரலாறும் அந்த மரநிழலில்தான் எழுதப்பட்டது. இன்று செம்பனை பெருகிவிட்டது. எனினும், எஞ்சி நிற்கும் ரப்பர் மரங்கள் மனிதருக்கு ஒரு முக்கியமான பாடத்தைக் கற்பிக்கின்றன.

ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலைகளை உதிர்க்கும் இயல்புடையது. ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை குறைந்து வெயில் மிகும்போது, இலைகள் நிறம் மாறிக் கொட்டிவிடும். சில வாரங்களில் புதுத்தளிர் அரும்பும். அத்தளிரை வளர்ப்பதற்கு, மரம் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் சத்தைச் செலவிடுகிறது. எனவே, அப்போது பால் சுரப்பு குறைகிறது. அனுபவமுள்ள தோட்டக்காரர் அந்தப் பருவத்தில் வெட்டைக் குறைப்பார். சிலர் முற்றிலும் நிறுத்திவிடுவார். தளிர் முற்றி இலையான பிறகே உளி மீண்டும் பட்டையைத் தொடும்.

ஓய்வு என்பது அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் உரியதன்று. பால் வெட்டும் முறையிலேயே ஓய்வு அடங்கியுள்ளது. பொதுவாக ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவர். மரத்தின் உள்தோல் காயப்படாதவாறு, பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். வெட்டி முடித்த பகுதியில் புதுப்பட்டை வளர்ந்து தடிப்பதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். பேராசை கொண்டு அளவுக்கு மீறி வெட்டினால், பால் குழாய்கள் வறண்டுவிடும். அதன்பிறகு எத்தனை முறை வெட்டினாலும் மங்கில் பால் சேராது. மரம் உயிரோடுதான் நிற்கும். ஆயினும் அதனால் பயன் இராது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியைத் தோட்டப்புறத்தார் ஏட்டில் படித்து அறிந்தாரில்லை, மரத்திடமிருந்தே கற்றனர்.

மரத்துக்குப் பொருந்தும் இந்த உண்மை மனிதருக்கும் பொருந்தும். குறிப்பாக, பிறர் நலத்துக்காக உழைப்போருக்கு இது மிகவும் பொருந்தும். தாதியர், ஆசிரியர், தீயணைப்பு மீட்புப் படையினர், கடற்படையினர், முதியோர் இல்லப் பணியாளர், ஆலயத் தொண்டர், மாலை வேளைகளில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இளைஞர் ஆகியோர் வெறும் ஊதியத்துக்காகப் பணியாற்றுவதில்லை. ஓர் உயரிய நோக்கம் அவர்களை இயக்குகிறது. அந்த நோக்கமே அவர்களின் வலிமை. சில வேளைகளில் அதுவே அவர்களின் பலவீனமாகவும் மாறிவிடுகிறது. ஏனெனில், நோக்கத்தை நேசிப்பவர் தம் களைப்பைப் பொருட்படுத்துவதில்லை. “நான் போகாவிட்டால் யார் செய்வார்?” என்ற கேள்வி அவரை ஓய்வெடுக்க விடுவதில்லை.

இக்களைப்பைக் குறித்த ஆய்வு தொடங்கிய இடமே கருத்தில் கொள்ளத்தக்கது. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர் 1974ஆம் ஆண்டில் பணிச்சோர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க் நகரின் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் அவர் தொண்டாற்றி வந்தார். அங்கு ஆர்வத்தோடு வந்து சேர்ந்த தொண்டர்கள், நாளடைவில் சோர்ந்தும் எரிச்சலுற்றும் போவதை அவர் கவனித்தார். பணிச்சோர்வு என்னும் கருத்து பெரிய வணிக நிறுவனங்களின் அலுவலகங்களில் பிறக்கவில்லை. ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்த இடத்தில், தொண்டுள்ளம் கொண்டோரிடையேதான் அது முதலில் கண்டறியப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பணிச்சோர்வுக்குத் தெளிவான விளக்கம் அளித்தது. அது ஒரு நோயன்று. முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் விளையும் நிலை என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. அந்நிலைக்கு மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது, ஆற்றல் முழுவதும் வற்றிவிட்டது போன்ற களைப்பு. இரண்டாவது, செய்யும் பணியிலிருந்து மனம் விலகி, அதன்மேல் கசப்பு கொள்ளுதல். மூன்றாவது, பணியில் திறன் குன்றுதல். இவற்றுள் இரண்டாவது அடையாளமே தொண்டு செய்வோருக்குப் பேரிழப்பாகும். அன்போடு நோயாளியின் கையைப் பிடித்தவர், பின்னர் அதே நோயாளியிடம் சிடுசிடுக்கிறார். அவர் தீயவராகிவிட்டார் என்று பொருளில்லை. அவருடைய அன்பு ஊறுவதற்குக் கால இடைவெளி கிடைக்கவில்லை என்பதே பொருள்.

உடலும் இதிலிருந்து தப்புவதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோருடன், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோர் அவ்வாய்வில் ஒப்பிடப்பட்டனர். நீண்ட நேரம் உழைப்போருக்குப் பக்கவாதம் ஏற்படும் ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று தெரிய வந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். தொண்டரின் உடல் நலம் அந்தச் சுவருக்கு ஒப்பாகும்.

ஓய்வைப் பருவத்தோடு இணைத்துத் திட்டமிடுவது புதுமையான சிந்தனை அன்று. தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். முல்லைத் திணைக்கு உரிய பெரும்பொழுது கார்காலம் ஆகும். போர்ப் பணிக்காகப் பிரிந்து சென்ற தலைவன், கார்காலம் தொடங்கும்போது இல்லம் திரும்ப வேண்டும் என்பது அத்திணையின் மரபு. கடமை எத்துணைப் பெரிதாயினும், வீடு திரும்புவதற்கு என்று ஒரு பருவம் இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணியிருந்தனர். பொங்கல் திருநாளிலும் இவ்வுணர்வைக் காணலாம். ஆண்டு முழுவதும் உழுத மாட்டை, மாட்டுப்பொங்கல் அன்று குளிப்பாட்டி, அலங்கரித்து, வேலையின்றி விடுவது வழக்கம். வாய்பேசா உயிருக்கும் ஒரு விடுப்பு நாளைக் குறித்து வைத்த பண்பாடு இது.

சமண, பௌத்தத் துறவியரின் வாழ்வு இதற்கு மற்றுமொரு சான்றாகும். அவர்கள் ஊர் ஊராக நடந்து அறம் போதித்தவர்கள். ஆயினும், மழைக்காலம் வந்தால் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவர். பௌத்தர் மூன்று மாதங்களும் சமணர் நான்கு மாதங்களும் இவ்வாறு தங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அக்காலத்தில் அவர்கள் சோம்பிக் கிடப்பதில்லை. படிப்பு, தியானம், மாணாக்கருக்குக் கற்பித்தல் ஆகியவற்றில் ஈடுபடுவர். அதாவது, ஓய்வு என்பது கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருவது மட்டுமன்று. பணியின் வடிவத்தை மாற்றிக்கொண்டு உள்ளத்தை நிரப்பிக்கொள்வதும் ஓய்வே.

அத்துறவியர் தங்கிய இடங்களும் நமக்கு ஒரு செய்தியைத் தருகின்றன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலையில் துறவியருக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் செய்த கொடையும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. தொண்டு செய்வோர் தலைசாய்ப்பதற்கு இடம் அமைத்துத் தருவது தன் கடமை என்று அன்றைய சமுதாயம் கருதியது. அரசும் வணிகரும் அதற்குப் பொறுப்பேற்றனர்.

இக்கருத்தே இக்கட்டுரையின் மையமாகும். ஓய்வு தேவை என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர். எனினும், அதைப் பெறுவது தனி மனிதரின் பொறுப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று தொண்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே புதிய வேலையை அவர் தலையில் கட்டுவது நடைமுறையில் காணும் காட்சி. இப்போக்கு மாற வேண்டும்.

இதனை விளங்கிக்கொள்ள மீண்டும் ரப்பர்த் தோட்டத்தை நோக்க வேண்டும். இலையுதிர் பருவத்தில் மரம் ஓய்வெடுத்தது உண்மையே. மரத்தை வெட்டியவருக்கு என்ன கிடைத்தது? பொழுது விடியும் முன்னர் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, இருட்டிலேயே நிரைக்குச் சென்று உழைத்தவர்கள் அவர்கள். பால் குறைந்தால் அவர்களின் வருமானமும் குறைந்தது. வெட்டு நின்ற நாள்களில் புல் வெட்டும் வேலை கிடைத்தால் அடுப்பு எரிந்தது. இல்லையேல் கடைக்கணக்கில் கடன் ஏறியது. மரம் தோட்டத்தின் சொத்து என்பதால், அதன் ஓய்வு திட்டமிடப்பட்டது. தொழிலாளரின் ஓய்வைத் திட்டமிட எவருமில்லை. வருமானமில்லாத ஓய்வு கவலையையே தரும். கவலையோடு கழியும் நாளில் உடல் கிடந்தாலும் உள்ளம் களைத்தே இருக்கும்.

இதற்கு மாறான ஓர் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் காணலாம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குள் செல்லத் தடை உள்ளது. முன்பு 45 நாள்களாக இருந்த தடைக்காலம் 2017ஆம் ஆண்டில் நீட்டிக்கப்பட்டது. கடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் அந்நாள்களில், மீனவர் படகுகளையும் வலைகளையும் பழுது பார்க்கின்றனர். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. அத்தொகை போதாது என்ற குரல் எழுவதும் உண்டு. ஆயினும், கடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் கடலோடிக்கும் வழி செய்ய வேண்டும் என்ற நீதி அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

மலேசியாவிலும் சட்டம் இத்திசையில் முன்னேறியுள்ளது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளருக்கு வாரம் ஒருநாள் ஓய்வையும், சேவைக் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 8 முதல் 16 நாள்கள் வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் உறுதி செய்கிறது. வாராந்திர வேலை நேரத்தின் உச்சவரம்பு, 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கி 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்க மாற்றங்கள். ஆனால், தொண்டூழியருக்கு இச்சட்டம் துணை நிற்பதில்லை. அவர் சம்பளம் பெறாததால் விடுப்புக் கணக்கும் அவருக்கு இல்லை. பகலில் தொழிற்சாலையில் வேலை செய்து, இரவில் ஆலயக் கணக்கைப் பார்த்து, ஞாயிறன்று தேவார வகுப்பு நடத்துபவரின் களைப்பை எந்தப் பதிவேடும் காட்டாது.

பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் மாசிமகத் திருவிழா நடைபெறுகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் பக்தர்கள் லூமுட் படகுத்துறை வழியாகத் தீவைச் சென்றடைகின்றனர். இத்தகைய பெருவிழா ஒன்றின் பின்னணியில் எத்தனை பேரின் உழைப்பு அடங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்னதானம் சமைப்போர், தண்ணீர் வழங்குவோர், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவோர், குப்பை அள்ளுவோர் எனப் பட்டியல் நீளும். விழா முடிந்ததும் மேடையில் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படும். அடுப்படியில் நின்றவருக்கோ அடுத்த விழாவின் பணி காத்திருக்கும். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் அதே பருவத்தில்தான் மாசிமகமும் வருகிறது. விழா முடிந்த பின்னர்த் தொண்டருக்கும் ஓர் இலையுதிர் பருவம் வேண்டும் என்பதைப் பொது இயக்கங்கள் விதியாகவே வகுத்துக்கொள்ளலாம்.

“துன்பத்துக்கு விடுமுறை உண்டா? நோயாளி காத்திருப்பானா? தீப்பற்றினால் பருவம் பார்த்தா அணைப்பது?” என்று சிலர் கேட்கக்கூடும். இது நியாயமான கேள்வியே. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, மருத்துவமனைப் பணியாளர் ஓய்வை மறந்து உழைத்ததை நாடு கண்டது. நெருக்கடி வேளையில் அவ்வாறு உழைப்பது தவிர்க்க முடியாதது. ஆனால், நெருக்கடிக்கால உழைப்பை அன்றாட வழக்கமாக்குவது தவறு. துன்பம் ஓயாது என்பதால்தான் உதவுவோர் முறை வைத்து ஓய வேண்டும். தீயணைப்பு நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. அதில் உள்ள வீரர் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருப்பதில்லை. சேவை தொடர்வதற்காகவே ஆள்கள் மாறுகின்றனர்.

லூமுட் கடற்படைத் தளத்துக் கப்பல்களும் இதையே உணர்த்துகின்றன. எந்தப் போர்க்கப்பலும் ஆண்டு முழுவதும் கடலிலேயே சுற்றிக்கொண்டிருப்பதில்லை. குறித்த காலத்தில் அது தளத்துக்குத் திரும்பும். பழுது பார்க்கும் துறைக்குள் ஏற்றப்படும். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளும் பாசியும் சுரண்டப்படும். அவற்றை நீக்காவிட்டால் கப்பலின் வேகம் குறையும். எரிபொருள் செலவு கூடும். கரையேறிய கப்பலைப் பார்த்து எவரும் அதைச் சோம்பேறி என்று இகழ்வதில்லை. கரையேறுவதும் கடற்பணியின் ஒரு பகுதி என்பதை அனைவரும் அறிவர்.

ஒருவர் ஓய்வெடுக்கும்போது இன்னொரு நன்மையும் விளைகிறது. அவருடைய இடத்தில் மற்றொருவர் நின்று பழகுகிறார். ஒரே மனிதரை நம்பி நடக்கும் இயக்கம், அவர் நோயுற்றால் படுத்துவிடும். செயலாளர் ஒரு மாதம் விலகியிருந்தாலும் தடையின்றி நடைபெறும் சங்கமே உறுதியான சங்கம். அத்துடன், இளைஞர் பொறுப்பேற்க முன்வருவதில்லை என்று மூத்தோர் குறை கூறுவதுண்டு. பொறுப்பைச் சிறிது காலம் கைமாற்றிக் கொடுத்தாலன்றி இளைஞர் எவ்வாறு கற்பர்? எனவே, மூத்தவரின் ஓய்வு இளையவருக்குப் பயிற்சிக் களமாகிறது.

இனி, செய்யத்தக்கவை யாவை? தொண்டு இயக்கங்கள் ஆண்டுத் திட்டம் வரையும்போதே ஓய்வுப் பருவத்தையும் அதில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். பெரிய நிகழ்ச்சி முடிந்த பின்னர்ச் சில வாரங்களுக்குக் கூட்டம் எதுவும் வைக்காமல் இருக்கலாம். பணியிடங்கள், விடுப்பில் இருப்பவரைப் புலனக் குழுவின் வழியாக ஓயாமல் அழைப்பதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் முதியவரையோ நோயாளியையோ பராமரிக்கும் தாய்மாருக்கும் இவ்விதி பொருந்தும். அவர்களின் தொண்டுக்குப் பதவிப் பெயர் இல்லை. விடுமுறை நாளும் இல்லை. குடும்பத்தார் வாரத்தில் ஒருநாளாவது அப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது கடமையாகும்.

தொண்டர்களும் தம் எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வெடுப்பதைக் குற்றமாகக் கருதும் மனப்பான்மை நீங்க வேண்டும். இடையறாத பொதுப்பணியில் ஈடுபட்டிருந்த காந்தியடிகள், திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்து வந்தார். நாட்டு விடுதலை என்னும் மாபெரும் பணியைச் சுமந்தவரே வாரத்தில் ஒருநாளைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டார் என்றால், ஏனையோர் தயங்க வேண்டியதில்லை. அந்நாளில் கடற்கரையில் நடக்கலாம், விரும்பிய நூலைப் படிக்கலாம், குடும்பத்தாருடன் உணவருந்தலாம். பெருஞ்செலவு செய்து தொலைதூரம் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மாணவர்களும் இதில் பங்காற்ற முடியும். சீருடை இயக்கங்கள், கழகங்கள், மாணவர் தலைவர் பொறுப்பு என இளம் வயதிலேயே பலர் தொண்டு செய்யத் தொடங்குகின்றனர். வேலையை மறுக்கத் தெரியாத ஒரு நண்பரிடமே எல்லாப் பணியும் சென்று குவிவது பள்ளிகளில் இயல்பாக நடக்கிறது. அவருடைய சுமையில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்பவரே நல்ல தோழர். பணியைப் பகிரும் பழக்கம் பள்ளியில் வேரூன்றினால், நாளை அவர்கள் நடத்தும் இயக்கங்களில் எவரும் தனியாகக் களைத்து நிற்கமாட்டார்.

தொண்டு ஒருநாள் ஓட்டமன்று; தலைமுறைகளைத் தாண்டிச் செல்லும் நெடும்பயணம். அப்பயணத்தில் செல்வோருக்கு இளைப்பாறும் இடத்தையும் காலத்தையும் அமைத்துக் கொடுப்பது, அத்தொண்டினால் பயன்பெறும் அனைவருடைய பொறுப்பாகும். நன்றி கூறுவதும் மாலை அணிவிப்பதும் நல்ல வழக்கங்களே. களைத்தவரின் கையிலுள்ள வேலையை வாங்கிக்கொண்டு, “இம்மாதம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்வது அவற்றினும் சிறந்த நன்றியாகும்.